பெரியப்பா அமெரிக்காவில் கார் ஓட்டிய நாள்

வீட்டுச் சாவியை நூலில் கோர்த்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு கோடை விடுமுறையைக் கழித்தவர்கள் நம்மில் நிறையப் பேர். உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போன பிறகு அபார்ட்மென்டில் ஒரு சத்தம் மிஞ்சுமே, ஃபிரிட்ஜ் முனகுவதும் மேல்வீட்டுக்காரர் செருப்போடு நடப்பதும் கலந்த ஒன்று, அது உங்களுக்கும் தெரியும். நாற்பதை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறோம். எனக்கு அந்தச் சத்தம் இன்னும் காதைவிட்டுப் போகவில்லை.

நாங்கள் அப்போது மொன்றியலின் சென்ட் லோரன்ட் பகுதியில் இருந்தோம். அம்மா மருந்துத் தொழிற்சாலையில் பெட்டி அடைக்கும் வேலை. அப்பா ஒரு கிடங்கில். யார் கதவைத் தட்டினாலும் திறக்கக் கூடாது, அடுப்பைத் தொடக் கூடாது, மதியம் அம்மா இடைவேளையில் எடுக்கும் போனுக்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும். நான் ஆரம்பப் பள்ளியின் கடைசி வகுப்புக்குப் போகக் காத்திருந்தேன். பள்ளித் தோழிகள் கோடை முகாம்களுக்குப் போய்விடுவார்கள். நான் ஜன்னலடியில் இருந்து, ஊரே வீடு மாறும் ஜூலை முதல் தேதியில் போனவர்கள் தெருவோரம் போட்டுவிட்டுப் போன சோபாக்களை எண்ணிக்கொண்டிருப்பேன். மழை பெய்தால் அவை ஊறி நாய் வாசம் அடிக்கும்.

அந்தக் கோடையில்தான் லண்டன் பெரியப்பா வந்தார்.

அப்பாவின் மூத்த அண்ணன். லண்டனில் கார் பழக்கும் ஆசிரியர். தன்னுடைய காரில் பக்கத்து சீட்டுக்குக் கீழேயும் ஒரு பிரேக் இருக்கிறது என்று அவர் சொன்னபோது நான் நம்பவில்லை. ஜூலை வெயிலில் கோட் போட்டுக்கொண்டு விமான நிலையத்தில் இறங்கினார். பெரியம்மா இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. பெரியம்மாவின் கைப்பையைத்தான் அவர் கடவுச்சீட்டு வைக்கப் பாவித்தார். பழுப்புத் தோலில் தங்க நிறக் கொளுக்கி வைத்த சின்னப் பை. ஒரு ஆண்பிள்ளை அதைக் கையில் பிடித்துக்கொண்டு திரிவது அம்மாவுக்குக் கூச்சமாக இருந்தது.

அவருக்கு ஒரு மகன் உண்டு. அமெரிக்காவில் படித்து அங்கேயே வேலை எடுத்து, ஒரு கறுப்பினப் பெண்ணைக் கலியாணம் செய்துகொண்டவர். பெரியப்பா கலியாணத்துக்குப் போகவில்லை. அதற்குப் பிறகு இருவருக்கும் கதை பேச்சும் இல்லை. எங்கள் வீட்டில் அந்த அண்ணாவைப் பற்றி யாராவது வாய் திறந்தால் அம்மா உடனே தேத்தண்ணிக்குக் கேத்தில் வைக்க எழும்பிவிடுவார்.

பெரியப்பா வந்த முதல் வாரம் என் வாழ்க்கை மாறிப்போனது. காலையில் எழுந்தால் வீட்டில் ஒரு ஆள். பகலில் இருவரும் மூலையில் இருந்த தெப்பனேர்க் கடைக்கு நடந்துபோய் பாலும் எனக்கு ஐஸ் குச்சியும் வாங்கி வருவோம். வரும் வழியில் அவர் சந்தியில் நின்று கார்களைப் பார்ப்பார். நான்கு பக்கமும் நிறுத்தப் பலகை இருக்கும் சந்தி அவருக்குப் பெரிய அதிசயம்.

"ஆர் முதல் போறதெண்டு ஆர் முடிவெடுக்கிறது?"

"முதல் வந்தவை முதல் போவினம் பெரியப்பா."

"எல்லாரும் ஒண்டா வந்தால்?"

நான் ஐஸ் குச்சியை நக்கினேன். "லண்டனில எண்டால் ஒரு வட்டத்தைப் போட்டு விட்டிருப்பாங்கள்" என்று சொல்லித் தலையை ஆட்டினார். பின்னேரம் அப்பா வந்ததும் அதே கதையை அவரிடம் சொல்வார். அப்பா களைத்த முகத்தோடு ஓம், ஓம் என்பார். பெரியப்பா குளிக்கப் போன பிறகு அம்மாவிடம், "வந்த நாள் தொட்டு லண்டன் புராணம்" என்று சலிப்பார். எனக்கோ அவர் பேசினால் போதும். எனக்காகத்தான் வந்திருக்கிறார் என்று நான் உள்ளுக்குள் முடிவு கட்டியிருந்தேன்.

ஒரு நாள் சாப்பாட்டின்போது அமெரிக்காவைப் பார்க்கப் போகிறேன் என்றார். கார் வாடகைக்கு எடுத்தாயிற்று.

"அண்ணை, தனியப் போய் அங்க என்னத்தைப் பாக்கப் போறியள்?" என்றார் அப்பா. "எங்களுக்கும் வர விசா இல்லை."

"ரோட்டைப் பாக்கப் போறன். படத்தில எவ்வளவு நாள் பாத்தது. காலமை வெளிக்கிட்டால் பின்னேரம் வந்திடலாம். பிள்ளையையும் விடு. மப் பாத்து வழி சொல்ல எனக்கு ஆள் வேணும்."

நான் இங்கே பிறந்தவள். அந்த நாளில் பிறப்புச் சான்றிதழும் அப்பாவின் கையெழுத்திட்ட சம்மதமும் இருந்தால் எல்லை தாண்டலாம். அம்மா முகத்தைச் சுளித்தாலும் சம்மதித்தார். வீட்டில் தனியே இருப்பதைவிட இது நல்லது என்று நினைத்திருப்பார்.

காலையில் வாடகைக் காரடியில் பெரியப்பா நேரே வலது பக்கக் கதவைத் திறந்து ஏறி இருந்தார். முன்னால் ஸ்டியரிங் இல்லை. சற்று நேரம் அப்படியே டாஷ்போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தபடி இறங்கி மறுபக்கம் போனார். கார் ஓடத் தொடங்கியதும் அவருடைய இடது கை பழக்கத்தில் கியரைத் தேடிக் கதவில் இடித்தது. சம்ப்ளேன் பாலம் ஏறும்வரை இடித்துக்கொண்டேதான் இருந்தது. "வருசக்கணக்காப் பழக்கின கை, சொன்னாக் கேக்குதில்லை" என்றார். புதுக்காரின் பிளாஸ்டிக் வாசமும் அவருடைய சவர்க்கார வாசமும் கலந்திருந்தன. நான் பின்சீட்டில் மடியில் வரைபடத்தை விரித்து வைத்திருந்தேன். ஆற்றுக்கு அப்பால் சோளக் காடு தட்டையாக நீண்டு கிடந்தது.

வரைபடத்தில் எல்லைக்கு நன்றாகத் தெற்கே ஒரு ஊரைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டிருந்தது. "இது என்ன இடம்?" என்று கேட்டேன். "சும்மா. அங்காலை வடிவாம் எண்டு சொன்னவை" என்றார்.

எல்லையில் எல்லோரையும் உற்று உற்றுப் பார்க்கும் காலம் அது. அதிகாரி எங்களை உள்ளே கூப்பிட்டு, பச்சைத் தாள் ஒன்றை நிரப்பச் சொன்னார். எதற்கு வந்தீர்கள் என்று கேட்டார். அமெரிக்காவைப் பார்க்க என்றார் பெரியப்பா.

"இங்கே உங்களுக்குத் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா?"

பெரியப்பா பெரியம்மாவின் பையை மூடினார். கொளுக்கி டக்கென்றது.

"இல்லை" என்றார்.

நான் அவரை நிமிர்ந்து பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

எல்லையைத் தாண்டியதும் அவர் வேறு ஆளாக மாறினார். கிலோமீட்டர் போய் மைல் வந்துவிட்டது. "இது எங்கட கணக்கு" என்று உற்சாகமாகச் சொன்னார். ரோட்டு இவ்வளவு அகலம் எதற்கு, கார் ஏன் இவ்வளவு பெரிது, வீட்டுக்கு வீடு ஏன் கொடி என்று ஒவ்வொன்றுக்கும் வாய்விட்டு ஆச்சரியப்பட்டார். ஒரு சின்ன ஊரில் சிக்னல் விளக்குகள் கம்பத்தில் இல்லாமல் சந்தியின் நடுவே கம்பியில் தொங்கிக் காற்றில் ஆடின. ஆடுகிற விளக்கை நம்பி எப்படிப் போவது என்று பச்சையிலும் தயங்கினார். நான்கு பக்கமும் நிற்கும் சந்தியில் எல்லோருக்கும் கையைக் காட்டி வழி விட்டார். அவர்களும் பதிலுக்கு வழி விட்டார்கள். கொஞ்ச நேரம் அந்தச் சந்தியில் ஒருவருமே அசையவில்லை.

அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையில் இறங்கினோம். எனக்கு வந்த பான்கேக் அடுக்கை எங்கள் வீட்டார் எல்லோருமாகச் சாப்பிட்டிருக்கலாம். பெரியப்பாவின் கோப்பி குறையக் குறைய, பரிமாறும் அம்மா கேட்காமலே ஊற்றிக்கொண்டு போனார். ஒவ்வொன்றுக்கும் காசு எடுப்பார்கள் என்று நினைத்து அவர் கோப்பையைக் கையால் மூடினார்.

"இலவசம், ஹனி" என்றார் அந்த அம்மா.

அவர் போனதும் பெரியப்பா என் பக்கம் குனிந்து மெல்ல, "என்னை ஏன் தேன் எண்டவா?" என்று கேட்டார். நான் வாயில் இருந்த பாலைத் துப்பிவிட்டேன். அன்றைக்கு நாங்கள் கடைசியாகச் சிரித்தது அதற்குத்தான்.

பிறகு மலைகள் வந்தன. பெருந்தெரு ஏறி இறங்கியது. இரண்டு பக்கமும் காடு. வீடுபோல உயர்ந்த லொறிகள் எங்களை உரசுவதுபோலக் கடந்து போனபோது பெரியப்பா ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து வேகத்தைக் குறைத்தார். கார் ரோட்டுக் கோட்டைத் தாண்டி அசைந்து அசைந்து போயிற்று. அப்போது எங்களுக்குப் பின்னால் விளக்குகள் சுழன்றன.

பெரியப்பா ஓரமாக நிறுத்தினார். பதற்றமே இல்லை. "எதோ கேக்கப் போறான். நீ இரு, நான் கதைச்சிட்டு வாறன்" என்று கோட்டைச் சரி செய்துகொண்டு, பெரியம்மாவின் பையைக் கையில் எடுத்து, கதவைத் திறந்து இறங்கினார். லண்டனில் அதுதான் மரியாதை. பொலிஸ் மறித்தால் இறங்கிப் போய்ப் பேசுவது. இங்கே அது எவ்வளவு ஆபத்து என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

பொலிஸ்காரர் கத்தினார். காருக்குள் ஏறு என்றுதான் கத்தியிருக்கிறார் என்று இப்போது எனக்குத் தெரியும். லொறி இரைச்சலில் அன்றைக்கு வெறும் கத்தல்தான் கேட்டது. பொலிஸ்காரரின் கை இடுப்பிலிருந்த துப்பாக்கிக்குப் போயிருந்தது.

நான் பின் கண்ணாடியால் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியப்பா பையைக் கீழே விட்டார். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்தினார். பிறகு, யாரும் சொல்லாமலே, சரளைக் கல்லில் முழங்காலில் இருந்தார். குனிந்த தலை. விரல்களைப் பிடரியில் கோர்த்துக்கொண்டார். அவருடைய உடம்புக்கு அது ஏற்கெனவே தெரிந்திருந்தது. எங்கே, எந்தச் சோதனைச் சாவடியில் பழகினார் என்று எனக்குத் தெரியாது. லண்டன் போவதற்கு முன், சண்டை நடந்த ஊரில் அவர் இருந்த காலத்தைப் பற்றி எங்கள் வீட்டில் ஒருவரும் கதைத்ததில்லை.

பொலிஸ்காரர் இளம் வயது. அவரும் திகைத்துப்போனது தெரிந்தது. இடுப்பிலிருந்து கையை எடுத்துவிட்டு, எழும்புங்கள், எழும்புங்கள் ஐயா என்று பல தடவை சொன்னார். பெரியப்பா எழும்பவில்லை. கடைசியில் அவரே தோளைப் பிடித்துத் தூக்கினார். பையை எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தார். மெதுவாகப் போவதும் ஆபத்து, ரோட்டுக் கோட்டுக்குள் ஓட்டுங்கள் என்றார். ஜன்னலால் என்னைப் பார்த்து, உனக்கு ஒன்றுமில்லையே என்று கேட்டார். நான் தலையாட்டினேன். போய்விட்டார்.

பெரியப்பா அடுத்து வந்த ஓய்விடம்வரை ஓட்டினார். மேசைகளும் கழிப்பறையும் ஒரு பொதுத் தொலைபேசியும் இருக்கும் இடம். காரை நிறுத்தியவர் திரும்ப ஸ்டார்ட் பண்ணப் பார்த்தார். சாவி துவாரத்தைச் சுற்றி உரசியதே தவிர உள்ளே போகவில்லை. சாவியை மடியில் வைத்துவிட்டு முன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அப்பாக்குப் போன் எடுப்பமோ பெரியப்பா?"

"அப்பா எப்பிடியம்மா வாறது? போடர் தாண்ட ஏலாது."

பைன் மரங்களின் பிசின் வாசம் காருக்குள் வந்தது. பக்கத்து மேசையில் ஒரு குடும்பம் முலாம்பழம் வெட்டித் தின்றது. நான் அழ வேண்டும்போல இருந்தும் அழவில்லை. அவரை இன்னும் பயமுறுத்திவிடுவேனோ என்று நினைத்தேன். அந்த வாகன நிறுத்தத்தில் இருந்ததுபோல நான் வேறெங்கும் தனியாக இருந்ததில்லை. பக்கத்தில் ஆள் இருந்தார், ஆனால் என்னோடு ஒருவரும் இல்லை.

கனநேரம் கழித்து இறங்கித் தொலைபேசிக்குப் போனார். எண்ணை அவர் எதையும் பார்த்து அழுத்தவில்லை. மனப்பாடம்.

"தம்பி... நான்தான், அப்பா" என்றார். பிறகு தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினார். "ஓம். இஞ்சதான், அமெரிக்காவில. வழி பிழைச்சிட்டுது. என்னால ஓட்ட ஏலாமக் கிடக்கு."

அண்ணா ஒரு மணித்தியாலத்துக்கும் மேல் ஓட்டி வந்தார். கூடவே அவர் கலியாணம் செய்த பெண். சின்னப் பின்னல்களாகப் பின்னிய தலைமுடி, மருத்துவமனைச் சீருடை. அண்ணா வந்து பெரியப்பாவின் முன்னால் நின்றார். இருவருக்கும் கைகளை என்ன செய்வது என்று தெரியவில்லை. "சாப்பிட்டீங்களா அப்பா?" என்றுதான் அண்ணா கேட்டார். "சாப்பிட்டம்" என்றார் பெரியப்பா.

அந்தப் பெண் பெரியப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அவருடைய முழங்கால்களைப் பார்த்தார். கறுத்தக் காற்சட்டையில் இரண்டு வெள்ளைத் தூசி வட்டங்கள், ஒன்றில் சின்னக் கிழிசல். பிறகு என்னைப் பார்த்தார். நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். அண்ணா வரைபடத்தை எடுக்கக் காருக்குள் குனிந்த நேரத்தில் அந்தப் பெண் தண்ணீர்ப் போத்தலையும் ஒரு துணியையும் எடுத்து, மேசையடியில் இருந்த பெரியப்பாவின் முன்னால் குந்தி இருந்து, இரண்டு முழங்கால்களையும் துடைத்துவிட்டார். என்ன நடந்தது என்று கேட்கவில்லை. பெரியப்பா தடுக்கவில்லை. அவருடைய தாடை மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

எல்லைவரை எங்கள் காரை ஓட்டியது அந்தப் பெண்தான். அண்ணா தன் காரில் பின்னால் வந்தார். பெரியப்பா பக்கத்து சீட்டில். லொறி நெருங்கும்போதெல்லாம் அவருடைய கால், அங்கே இல்லாத பிரேக்கை மிதித்ததைப் பின்சீட்டிலிருந்து பார்த்தேன். அந்தப் பெண்ணும் கவனித்திருக்க வேண்டும்.

"நான் எப்படி ஓட்டுகிறேன்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

பெரியப்பா யோசித்தார். "கண்ணாடியை இன்னும் அடிக்கடி பார்க்க வேண்டும்" என்றார்.

"சரி, ஐயா."

கொஞ்சத் தூரம் போன பிறகு பெரியப்பா சொன்னார்: "மற்றபடி மிக நன்றாக ஓட்டுகிறாய்."

எல்லைக்குக் கிட்டவாக ஒரு பெற்றோல் கடையில் பிரிந்தோம். அண்ணா என் தலையைத் தடவினார். பெரியப்பா இறங்கி அந்தப் பெண்ணுக்குக் கை கொடுத்தார். கொடுத்த கையைச் சட்டென்று விடவில்லை. அங்கிருந்து வீடுவரை அவரே ஓட்டினார். இடது கை ஒருதடவைகூடக் கதவில் இடிக்கவில்லை. வீட்டடியில் நிறுத்திய பிறகு, "அப்பா அம்மாக்கு இதொண்டும் வேண்டாம், என்ன?" என்றார். "ஓம்" என்றேன்.

அப்பா வாசலிலேயே கேட்டார்: "என்ன அண்ணை, அமெரிக்காவைப் பாத்து முடிஞ்சுதோ?"

"லொறியளைக் கண்டு பயந்து திரும்பீட்டன்."

அப்பா வயிறு குலுங்கச் சிரித்தார். அம்மாவும் சிரித்தார். இத்தனை பேருக்குக் கார் பழக்கின ஆள்! பெரியப்பாவும் சேர்ந்து சிரித்தார். அடுத்து வந்த வருடங்களில் எங்கள் வீட்டுக்கு வந்த ஒவ்வொரு விருந்தாளிக்கும் அப்பா அந்தக் கதையைச் சொன்னார்.

அடுத்த கோடையில் பெரியப்பா வருவார் என்று நான் காத்திருந்தேன். அவர் லண்டனிலிருந்து நேரே அண்ணா வீட்டுக்குப் போனார். அதற்கு அடுத்த கோடையிலும் அங்கேதான். பேரப்பிள்ளைகள் பிறந்த பிறகு அங்கேயே தங்கிவிட்டார். மொன்றியலுக்கு அவர் பிறகு வரவே இல்லை. தீபாவளிக்குப் போன் வரும், என்னோடும் இரண்டு வார்த்தை கதைப்பார். மகனிடம் நேரே போய் இறங்க ரோஷம் விடாமல், எங்கள் வீட்டைச் சாட்டாக வைத்துத்தான் அவர் அந்தக் கோடையில் வந்தார் என்பது வளர்ந்த பிறகு எனக்குப் புரிந்தது. புரிந்தபோது அவருக்காகச் சந்தோஷப்பட்டேன். ஆனால் அந்தக் கோடைகளில், சாவியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஜன்னலடியில் இருந்த பிள்ளைக்கு அது புரிந்திருக்கவில்லை.

சில வருடங்களுக்கு முன் பெரியப்பா இறந்துபோனார். அப்பாவிடம் இப்போது கனடாக் கடவுச்சீட்டு இருக்கிறது. நான்தான் அவரைக் காரில் கூட்டிக்கொண்டு போனேன். செத்தவீட்டில் பேரப்பிள்ளைகள் சூழ்ந்துகொள்ள, அப்பா அழுகைக்கு நடுவிலும் அந்தக் கதையை எடுத்தார். லொறிக்குப் பயந்த தாத்தா. பிள்ளைகளும் கேள்விப்பட்டிருந்தார்கள். அவர்களுக்குப் பெரியப்பா சொன்ன கதையில் தாத்தா வழி தவறிவிட்டார், அம்மாவும் அப்பாவும் போய்க் கண்டுபிடித்தார்கள். பொலிஸ் அந்தக் கதையில் இல்லை.

அண்ணி என்னை அடுப்படிக்குக் கூட்டிப் போனார். "அவர் என்னிடம் ஒருநாளும் சொல்லவில்லை," என்றார். "நானும் கேட்கவில்லை. ஆனால் என் பெரிய மகன் கார் ஓட்டத் தொடங்கிய அன்று அவனை இருத்திவைத்துச் சொன்னார். மறித்தால் இறங்காதே, கைகளை ஸ்டியரிங்கில் வை என்று. திரும்பத் திரும்பச் சொன்னார்." நான் தலையாட்டினேன். அவருக்கு அது போதுமாக இருந்தது.

திரும்பி வரும் வழியில் மலைகளுக்குள் அப்பா மறுபடி அந்தக் கதையில் தொடங்கினார். "அண்ணை எப்பிடிப் பயந்திருப்பார், இந்த ரோட்டில..." என்று சிரிக்கப் போனார். நான் அவரை நிறுத்தி, நடந்ததைச் சொன்னேன். கத்தியதை, சரளைக் கல்லை, பிடரியில் கோர்த்த விரல்களை. ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தேன்.

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அண்ணனை நினைத்து அழுகிறார் என்று நினைத்தேன். பிறகு அவர் என் பக்கம் திரும்பினார்.

"நீ அப்ப எங்கயம்மா இருந்தனீ?"

"பின்சீட்டில."

"தனியவோ?"

இத்தனை வருடத்தில் யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. "ஓம்" என்றேன். காரை ஓரமாக நிறுத்தினேன்.